மானிட்டர் வாங்கும் முன்: ‘ண’வும் ‘ன’வும் பிரிந்து தெரிகிறதா?

2025 செப்டம்பர் 22 முதல் மானிட்டர்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. செய்தியைப் படித்துவிட்டுக் கடைக்குப் போனவர்களுக்கு ஒரு குழப்பம் வந்திருக்கும்: 24 இஞ்ச், 27 இஞ்ச் மானிட்டர்களின் விலையில் வரிக்குறைப்பு தெரியவில்லையே, ஏன்? காரணம் எளிது. 32 இஞ்ச் வரையுள்ள மானிட்டர்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே 18 சதவீதம்தான். புதிய குறைப்பு அதைவிடப் பெரிய திரைகளுக்கு மட்டும். வீட்டிலும் அலுவலகத்திலும் வாங்கும் மானிட்டர்கள் அநேகமாக 32 இஞ்சுக்கு உட்பட்டவை என்பதால், நம் பில்லில் வரி மாறவில்லை.

வரிக் குழப்பம் இவ்வளவில் தீர்ந்துவிடும். தீராத குழப்பம் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள். 1 மில்லி விநாடி, 100 ஹெர்ட்ஸ், 1 கோடிக்கு 1 கான்ட்ராஸ்ட், 1.67 கோடி வண்ணங்கள், எச்டிஆர். இவற்றில் எது நம் கண்ணுக்கு உதவும், எது விளம்பரத்துக்கு மட்டும் உதவும்? பெரும்பாலான நேரம் நாம் மானிட்டரில் செய்வது வாசிப்பு. மின்னஞ்சல், கணக்கு, செய்தி, பாடம் எல்லாமே எழுத்துதான். அதனால் எழுத்து எப்படித் தெரிகிறது என்பதை முதலில் வைத்து மற்ற எண்களைப் பின்னால் தள்ளினால் பாதி குழப்பம் போய்விடும். தமிழில் வாசிப்பவருக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்று பார்க்கலாம்.

திரைக்குள் என்ன நடக்கிறது

இன்று விற்கும் மானிட்டர்களில் மிகப் பெரும்பாலானவை எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை. 1888-ல் ஃபிரீட்ரிக் ரைனிட்சர் என்ற ஆஸ்திரியத் தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடாக்கியபோது அது இரண்டு வெவ்வேறு வெப்பநிலைகளில் உருகுவதைக் கண்டார். இடைப்பட்ட நிலையில் அது திரவம்போல் ஓடியது. அதே சமயம் படிகம்போல ஒளியை வளைத்தது. நம் மேசையில் இருக்கும் திரையின் வேர் அங்கே இருக்கிறது.

வேலை நடப்பது இப்படி:

1. பின்னால் ஒரு வெள்ளை விளக்கு எப்போதும் எரிகிறது. இதைப் பின்னொளி என்கிறோம். முன்பு மெல்லிய குழல்விளக்கு இருந்தது, இப்போது எல்இடி. ‘எல்இடி மானிட்டர்’ என்று கடையில் சொல்வது எல்சிடியைத்தான். பின்னொளி மட்டும் எல்இடி.
2. அந்த ஒளி திரவப் படிகப் படலத்தின் வழியாக வருகிறது. மின்னழுத்தத்துக்கு ஏற்பப் படிகங்கள் திரும்பி, ஒளியை விடும் அல்லது மறைக்கும்.
3. கடைசியில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வண்ண வடிகட்டிகள். இந்த மூன்று சிறு பட்டைகள் சேர்ந்தது ஒரு பிக்சல்.

ஒரு ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்சல்கள், மொத்தம் 20,73,600. திரை 21 இஞ்ச் ஆனாலும் 32 இஞ்ச் ஆனாலும் இந்த எண்ணிக்கை மாறாது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதெல்லாம் இதிலிருந்துதான்.

பெரிய திரை, தெளிவான திரை: இரண்டும் வேறு

திரையின் அளவு என்பது மூலைக்கு மூலை அளந்த நீளம். பிக்சல் எண்ணிக்கையை அந்த நீளத்தோடு சேர்த்துப் பார்த்தால்தான், ஓர் அங்குலத்துக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று தெரியும். இதுதான் பிக்சல் அடர்த்தி. பெட்டியில் இது பெரும்பாலும் இருக்காது. நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமான அளவுகளுக்குப் போட்டுப் பார்த்தால்:

1. 21.5 இஞ்ச், 1920 × 1080 (ஃபுல் எச்டி): அங்குலத்துக்கு 102. ஒரு பிக்சலின் அகலம் 0.25 மி.மீ.
2. 23.8 இஞ்ச், அதே ஃபுல் எச்டி: 93. அகலம் 0.27 மி.மீ.
3. 27 இஞ்ச், அதே ஃபுல் எச்டி: 82. அகலம் 0.31 மி.மீ.
4. 27 இஞ்ச், 2560 × 1440 (கியூஎச்டி): 109. அகலம் 0.23 மி.மீ.
5. 27 இஞ்ச், 3840 × 2160 (4கே): 163. அகலம் 0.16 மி.மீ.
6. 32 இஞ்ச் டிவி, 1366 × 768 (எச்டி ரெடி): 49. அகலம் 0.52 மி.மீ.

இந்த எண்களுக்குக் கண் என்ன சொல்கிறது? குறையில்லாத கண், அல்லது சரியான கண்ணாடி போட்ட கண், ஒரு பாகையின் 60-ல் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். 60 செ.மீ. தூரத்தில் அது சுமார் 0.17 மி.மீ. அதைவிடப் பெரிய பிக்சல் என்றால் எழுத்தின் ஓரத்தில் படிக்கட்டு தெரியும். பட்டியலில் 4கே மட்டும்தான் அந்த எல்லைக்குள் வருகிறது. 27 இஞ்ச் ஃபுல் எச்டி அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. ஆனால் கடையில் அதிகம் ஆசை காட்டப்படுவது அந்த மூன்றாவது வரிசைதான்: பெரிய திரை, குறைந்த விலை. படம் பார்க்க ஆறேழு அடி தள்ளி உட்காருபவருக்கு அது பரவாயில்லை. கைநீட்டும் தூரத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிப்பவருக்கு அது தவறான தேர்வு என்றே நினைக்கிறேன்.

தமிழ் எழுத்துக்கு ஏன் அதிக புள்ளி வேண்டும்

ஆங்கிலத்தின் ‘ஐ’ எழுத்து ஒரே கோடு. நம் ‘ண’வை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சுழி, ஒவ்வொரு சுழிக்கும் கோடு, இடைவெளி, கோடு. ‘ன’வுக்கு இரண்டு சுழி. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சுழிதான். மனம்–மணம், பனி–பணி, ஆனி–ஆணி என்று பொருளே மாறிவிடும்.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் உயிர்க்குறிகளில்தான் உண்மையான சிக்கல். ‘கி’யின் மேல்விலங்கும் ‘கீ’யின் மேல்விலங்கும் நுனியில் ஒரு சின்னச் சுழியால் மட்டும் வேறுபடுகின்றன. ‘கெ’வின் கொம்புக்கும் ‘கே’வின் கொம்புக்கும் அதே கதை. விடு–வீடு, பெறு–பேறு, கொடு–கோடு எல்லாமே அந்தச் சுழியைத்தான் நம்பி இருக்கின்றன. மெய்யெழுத்தின் புள்ளியோ, திரையில் ஒன்றிரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிறது.

விண்டோஸில் 100 சதவீத அளவில் 12 பாயின்ட் எழுத்துரு என்றால் எழுத்துக்கு உயரவாக்கில் கிடைப்பது 16 பிக்சல். அதற்குள்தான் எழுத்தின் உடல், மேலே விலங்கு அல்லது புள்ளி, கீழே ‘கு’, ‘கூ’ போன்றவற்றின் வளைவு எல்லாம் அடங்க வேண்டும். 23.8 இஞ்ச் ஃபுல் எச்டியில் அந்த 16 பிக்சலின் உயரம் 4.4 மி.மீ. 27 இஞ்ச் ஃபுல் எச்டியில் 5 மி.மீ. எழுத்து பெரிதானது, ஆனால் அதே 16 புள்ளிகள்தான். சுழி இன்னும் சுத்தமாகவில்லை, ஒவ்வொரு புள்ளியும்தான் பருத்தது.

இப்போது 27 இஞ்ச் 4கே திரையில் அளவை 175 சதவீதம் என வைத்தால், எழுத்தின் உயரம் மீண்டும் அதே 4.4 மி.மீ. ஆனால் அந்த உயரத்துக்குள் 28 பிக்சல். பரப்பளவில் கணக்குப் போட்டால் 256 புள்ளிகளுக்குப் பதில் 784. மூன்று மடங்கு. ‘ணீ’ என்ற எழுத்தின் சுழிகள் அச்சுப் புத்தகத்தில் இருப்பதுபோல் திறந்து தெரிவது இதனால்தான். கியூஎச்டியில் 125 சதவீதம் வைத்தால் 20 பிக்சல் கிடைக்கும். அதுவே நல்ல முன்னேற்றம்.

விண்டோஸ் இதற்கு ஓர் உதவி செய்கிறது. கிளியர்டைப் என்ற முறையில், ஒரு பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தி எழுத்தின் ஓரத்தை மழமழப்பாக்குகிறது. அந்தப் பட்டைகள் பக்கவாட்டில் அடுக்கியவை என்பதால் உதவியும் முக்கியமாகப் பக்கவாட்டில்தான். ‘ண’வின் சுழிகள் அருகருகே இருப்பதால் பயன்பெறும். மேலே ஏறி நிற்கும் புள்ளிக்கும் கொம்பின் சுழிக்கும் அவ்வளவாகப் பயனில்லை. ஆப்பிளோ 2018-ல் வந்த மேக் இயங்குதளத்தின் மொஹாவி பதிப்பிலேயே இந்த வகை உதவியை நிறுத்திவிட்டது. மேக் கணினியை ஃபுல் எச்டி மானிட்டரோடு இணைத்து “எழுத்து மங்கலாக இருக்கிறதே” என்று சொல்பவர்கள் மானிட்டர் பழுது என்று எண்ண வேண்டாம்; காரணம் இதுதான்.

டிவியை மானிட்டராகப் பயன்படுத்துவோருக்கு ஒரு வார்த்தை. ஆறாவது வரிசையில் பார்த்ததுபோல, எச்டி ரெடி டிவியில் அங்குலத்துக்கு 49 புள்ளிதான். குழந்தையின் பாடத்தை அதில் அருகில் உட்கார்ந்து படிக்க வைப்பது கண்ணுக்குச் சிரமம். 4கே டிவி மிகப் பெரிதாக இல்லையென்றால் அடர்த்தி போதும். ஆனால் பல டிவிகள் வண்ணத் தகவலைச் சுருக்கி வாங்கிக்கொள்கின்றன. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து கலங்கித் தெரிந்தால் அதுதான் அறிகுறி. கணினியின் கேபிளைச் செருகிய எச்டிஎம்ஐ துளையின் பெயரை டிவி அமைப்பில் ‘பிசி’ என்று மாற்றினால் பல மாடல்களில் சரியாகிவிடும்.

கடையில் செய்யக்கூடிய சோதனை ஒன்று. நோட்பேடைத் திறந்து, எழுத்துரு அளவு 11 வைத்து, “பணி பனி பெறு பேறு விடு வீடு” என்று தட்டச்சு செய்யுங்கள். வழக்கமாக உட்காரும் தூரத்தில் நின்று, முன்னால் குனியாமல் படியுங்கள். ஊகிக்காமல் படிக்க முடிந்தால் சரி. பொருளை வைத்து ஊகித்துத்தான் படிக்கிறீர்கள் என்றால், அந்த ஊகத்தை உங்கள் கண்ணும் மூளையும் நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும்.

பேனல் வகை

எழுத்துக்கு அடுத்தது பேனல், அதாவது படம் தெரியும் திரைத் தகடு.

1. ஐபிஎஸ்: பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது. கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், சுமார் 1000-க்கு 1. அலுவலக வேலைக்கும் படிப்புக்கும் நிம்மதியாக வாங்கலாம்.
2. விஏ: கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், 3000-க்கு 1 வரை சாதாரணம். இருட்டில் படம் பார்ப்பவருக்கு நல்லது. வேகமாக நகரும் இருண்ட காட்சிகளில் நிழல் இழுக்கலாம்.
3. டிஎன்: பழைய வகை. கீழிருந்து பார்த்தால் நிறம் தலைகீழாகிவிடும். விலைக்காக மட்டும் வாங்க வேண்டாம்.
4. ஓலெட்: பின்னொளியே இல்லை. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அணைந்த பிக்சல். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் பட்டைகளும் ஐகான்களும் காலப்போக்கில் தடம் பதிக்கும். பல ஓலெட் மானிட்டர்களில் வண்ணப் பட்டைகளின் அடுக்குமுறை வேறு என்பதால் எழுத்தின் ஓரத்தில் பச்சை, சிவப்பு விளிம்பு தெரியும். விளையாட்டுக்கு அருமை. நாள் முழுக்க எக்செல் திறந்திருக்கும் மேசைக்கு யோசித்து வாங்க வேண்டும்.

பெட்டியில் இருக்கும் மற்ற எண்கள்

1 மில்லி விநாடி என்பது பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற ஆகும் நேரம்; அது ஒரு குறிப்பிட்ட சோதனை முறையில், பெரும்பாலும் படத்தைக் கெடுக்கும் அளவுக்கு வேகத்தை முடுக்கிவிட்ட நிலையில் எடுத்த எண். வாசிப்புக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை. வேகமான விளையாட்டு ஆடுபவர்கூட இந்த எண்ணை நம்பாமல் சோதனை முடிவுகளைத் தேடிப் படிப்பது நல்லது.

ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பது. 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறை. 100 ஹெர்ட்ஸில் 10-க்கு ஒருமுறை. நீண்ட பக்கத்தை உருட்டிப் படிக்கும்போது இந்த வித்தியாசம் உண்மையாகவே தெரியும், எழுத்து குறைவாகக் கலங்கும். 100-க்கு மேல் போவது விளையாட்டுக்காரர்களின் கவலை.

‘டைனமிக் கான்ட்ராஸ்ட்’ கோடிக்கு ஒன்று என்று இருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம். பின்னொளியைக் கூட்டிக் குறைத்து எடுத்த எண் அது. ஒரே படத்துக்குள் கிடைக்காது. ஒரே படத்தில் மிகப் பிரகாசமான, மிக இருண்ட பகுதிகளைக் காட்டும் எச்டிஆர் விஷயத்திலும் எச்சரிக்கை வேண்டும். திரைகளுக்குத் தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2017 டிசம்பரில் கொண்டுவந்த தர வரிசையின் முதல் படி ‘எச்டிஆர் 400’. 400 நிட் உச்ச வெளிச்சம் கொண்ட, பின்னொளியைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்தாத திரையில் எச்டிஆர் படத்தின் உண்மையான அழகு வராது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

வண்ணத்தைப் பொறுத்தவரை எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான வண்ண எல்லையில் 99 சதவீதம் என்று இருந்தால் போதும். என்டிஎஸ்சி என்ற இன்னொரு அளவுகோலில் ‘72 சதவீதம்’ என்பதும் ஏறத்தாழ அதே பரப்பளவுதான். அந்த அளவுகோலில் 45 சதவீதம் என்றால் குங்குமமும் செங்கல்லும் ஒரே நிறமாகத் தெரியும்.

கேபிளில் ஒளிந்திருக்கும் பழுது

நல்ல மானிட்டர் வாங்கியும் படம் சரியில்லை என்றால், முதலில் கேபிளைப் பாருங்கள். 1987-ல் வந்த விஜிஏ இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. அது அனலாக் இணைப்பு. எழுத்தைச் சுற்றி மெல்லிய நிழல் படர விடும். எச்டிஎம்ஐக்கு மாறினால் அந்த நொடியே வித்தியாசம் தெரியும்.

4கே மானிட்டரில் சுட்டியின் அம்பு இழுத்து இழுத்து நகர்ந்தால் 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று அர்த்தம். எச்டிஎம்ஐ 1.4 மூலம் 4கே படம் 30 ஹெர்ட்ஸ்தான் போகும். 60 வேண்டுமென்றால் இரு பக்கமும் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்பிளேபோர்ட் 1.2 வேண்டும், கேபிளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் 4கே வாங்கும் முன் இதைக் கட்டாயம் பார்க்கவும்.

கறுப்பு சாம்பல் நிறமாக, எல்லாமே வெளிறித் தெரிகிறதா? கணினி, மானிட்டரை டிவி என்று நினைத்து, 0 முதல் 255 வரையான வெளிச்ச அளவுகளுக்குப் பதில் 16 முதல் 235 வரை மட்டும் அனுப்புகிறது. கிராஃபிக்ஸ் அமைப்பில் ‘ஃபுல் ரேஞ்ச்’ என்று மாற்றினால் போதும். பேனல் போய்விட்டது என்று நினைத்து மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை.

கண், கழுத்து, வெளிச்சம்

ஸ்டாண்டைப் பற்றிக் கடையில் யாரும் பேசுவதில்லை. விலை குறைந்த மானிட்டர்களின் ஸ்டாண்ட் முன்பின்னாகச் சாயும், அவ்வளவுதான், உயரம் மாறாது. ஆனால் கழுத்து வலிக்கு முக்கியக் காரணம் உயரம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே இருக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் கண் தரையிலிருந்து 115 செ.மீ., மேசை 75 செ.மீ. என்றால், மேல் விளிம்பு மேசையிலிருந்து 40 செ.மீ.க்குள் இருக்கட்டும். டேப் வைத்து ஒருமுறை அளந்துவிடுங்கள். தாழ்வாக இருந்தால் கெட்டியான பலகைத் துண்டோ தடித்த புத்தகங்களோ அடியில் வைக்கலாம். பின்புறம் 75 × 75 அல்லது 100 × 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், பின்னாளில் தனியாகக் கை ஸ்டாண்ட் மாட்டிக்கொள்ளலாம். வாங்கும்போதே இந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள்.

நாற்பது வயதைத் தாண்டி, பைஃபோகல் அல்லது புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர்களுக்கு மேலே சொன்ன விதி பொருந்தாது. கிட்டத்தில் பார்க்கும் பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருப்பதால், திரையைப் பார்க்க முகவாயைத் தூக்குவார்கள். ஒரு நாள் முழுக்க அப்படி உட்கார்ந்தால் பிடரி கெட்டியாகிவிடும். அவர்கள் திரையை இன்னும் தாழ்த்திச் சற்றுப் பின்னால் சாய்த்துக்கொள்ள வேண்டும். கண் மருத்துவரிடம் “திரை 65 செ.மீ. தூரத்தில் இருக்கிறது” என்று அளவைச் சொல்லிக் கணினிக்கென்று தனிக் கண்ணாடி எழுதி வாங்குவது இன்னும் நல்லது.

மற்றவை வரிசையாக:

1. தூரம்: ஒரு கை நீளம், 50 முதல் 75 செ.மீ.
2. ஜன்னல்: திரைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கக் கூடாது, பக்கவாட்டில் இருக்கட்டும்.
3. வெளிச்சம்: புது மானிட்டர் கடைக்குத் தோதாக முழு வெளிச்சத்தில் வரும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடியுங்கள். திரை விளக்குபோல் எரிந்தால் குறையுங்கள். தாளைவிட மங்கலாக இருந்தால் கூட்டுங்கள். பகலுக்கும் இரவுக்கும் வேறு வேறு அளவு வேண்டும்.
4. இமை: சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம், திரையைப் பார்க்கும்போது அது 5 முதல் 7 ஆகக் குறைகிறது. கண் எரிச்சலுக்கும் உறுத்தலுக்கும் பெரிய காரணம் இது. ஏசி காற்று முகத்தில் நேராக அடித்தால் இரட்டிப்புத் தொல்லை.
5. இடைவேளை: 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியுள்ள ஒன்றை, 20 விநாடி பாருங்கள்.

நீல ஒளி பற்றிய பயத்தைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்தப் பயத்தில் பணம் போகிறது. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி கண் களைப்பைக் குறைக்கிறதா என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்து 2023-ல் ஆராய்ந்தது. குறுகிய காலத்தில் சாதாரணக் கண்ணாடியைவிடக் கூடுதல் பயன் இருப்பதாகத் தெரியவில்லை என்பதே முடிவு. அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமியும் அத்தகைய கண்ணாடியைப் பரிந்துரைப்பதில்லை. இரவில் திரை நிறத்தை மஞ்சளாக்கும் ‘நைட் லைட்’ வசதி இலவசம், பிடித்திருந்தால் போட்டுக்கொள்ளலாம்.

உண்மையாகவே கவனிக்க வேண்டியது துடிப்பு. சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்கப் பின்னொளியை வேகமாக அணைத்து அணைத்து எரிய விடுகின்றன. சிலருக்கு இதனால் தலைவலி வரும். வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு, வெள்ளைத் திரைக்கு முன் ஒரு பென்சிலை விசிறிபோல் வேகமாக ஆட்டுங்கள். பென்சில் தனித்தனிக் கோடுகளாக உடைந்து தெரிந்தால் துடிப்பு இருக்கிறது. மங்கிய ஒரே விசிறியாகத் தெரிந்தால் பிரச்சினை இல்லை.

பராமரிப்பு

திரையின் மேல்பரப்பு சாதாரண ஜன்னல் கண்ணாடியைப் போன்றதல்ல. பளபளப்பைக் குறைக்கும் மெல்லிய பூச்சு அதன்மேல் இருக்கிறது. கண்ணாடி துடைக்கும் திரவங்களில் ஆல்கஹாலோ அமோனியாவோ இருக்கலாம். அவை அந்தப் பூச்சை அரிக்கும். செய்தித்தாளால் துடைக்கும் பழக்கமும் இங்கே வேண்டாம்.

1. மானிட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஆறவிடுங்கள். கறுத்த திரையில்தான் தூசி நன்றாகத் தெரியும்.
2. காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் தூசியைத் தட்டுங்கள்.
3. கறை இருந்தால் துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இதற்கு ஏற்றது. போர்வெல் தண்ணீர் காய்ந்ததும் உப்புத் தடம் விடும்.
4. தண்ணீரைத் திரையில் நேராகத் தெளிக்கவே கூடாது. வழிந்து கீழ் விளிம்புக்குள் இறங்கினால் அங்கேதான் பேனலின் மின்சுற்றுப் பட்டைகள் இருக்கின்றன.

ஆயுத பூஜையன்று பொட்டு வைப்பவர்கள் ஸ்டாண்டிலோ பின்புற மூடியிலோ வைக்கலாம். திரைமேல் வைத்த சந்தனம் காய்ந்து, மறுநாள் துடைக்கும்போது மணல்போல் கீறிவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு விருந்தாளி வரும். குண்டூசித் தலையைவிடச் சின்னப் பூச்சி ஒன்று காற்றுத் துளை வழியாக நுழைந்து, எழுத்துகளுக்கு நடுவே மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். கை தானாகவே விரலால் நசுக்கப் போகும். தயவுசெய்து நசுக்காதீர்கள். அது இருப்பது திரைக்கு வெளியே அல்ல, பேனலுக்கும் பின்னொளித் தாள்களுக்கும் நடுவில். அங்கே செத்தால் அந்தக் கரும்புள்ளி, பேனலைப் பிரிக்காமல் போகாது. மானிட்டரை அணைத்து, அறையை இருட்டாக்கி, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு விளக்கை எரிய விடுங்கள். பெரும்பாலும் வெளிச்சத்தைத் தேடித் தானே வெளியேறிவிடும்.

மின்சாரமும் இடியும்

மானிட்டர்களின் மின்பகுதி பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். அதனால் சாதாரண ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. ஆபத்து, நொடிப்பொழுதில் பாயும் அதிக மின்னழுத்தத்தில் இருக்கிறது. ‘ஸ்பைக் பஸ்டர்’ என்று விற்பவற்றில் பல வெறும் நீட்டிப்புப் பெட்டிகள். உள்ளே தடுப்புப் பாகம் இருப்பவற்றில் எத்தனை ஜூல் தாங்கும் என்று எழுதியிருக்கும். அந்தப் பாகமும் ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். வீட்டில் எர்த் சரியில்லை என்றால் அதன் வேலை பாதிதான்.

பக்கத்தில் இடி விழுந்தால் எந்தப் பெட்டியும் காப்பாற்றாது. சித்திரை கோடைமழையிலும் ஐப்பசி மழையிலும் இடி முழங்கத் தொடங்கும் முன்னரே பிளக்கைப் பிடுங்குங்கள். கணினியில் செருகிய இணையக் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும். அதன் வழியாக வந்த மின்பாய்ச்சல் கணினியைக் கடந்து எச்டிஎம்ஐ மூலம் மானிட்டரையும் எரித்துவிடக்கூடும்.

மானிட்டரைத் திறக்காதீர்கள். உள்ளேயே மின்பகுதி கொண்ட மாடல்களில் 230 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறும்போது சுமார் 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் அது கொஞ்ச நேரம் நிற்கும். வெளியே அடாப்டர் உள்ள மாடலில் அடாப்டர் போனால் மாற்றுவது எளிது: வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம், முனையின் துருவம் பொருந்த வேண்டும். மானிட்டருக்கும் அடாப்டருக்கும் இந்தியாவில் கட்டாயப் பதிவு உண்டு. பின்பக்கம் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரையும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். தெருவோரத்தில் வாங்கும் அடாப்டரில் இது இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வாங்கிய அன்றே பார்க்க வேண்டியது

முழுத்திரையை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். நிறத்தோடு மாறாத புள்ளி இருந்தால் அது செத்த அல்லது ஒட்டிக்கொண்ட பிக்சல். ஒரே ஒரு புள்ளிக்காக மானிட்டரை மாற்றித் தர மாட்டோம் என்று வாரண்டிக்காரர்கள் சொல்வதற்கு அடிப்படை உண்டு. பல நிறுவனங்கள் பின்பற்றும் சர்வதேசத் தரத்தின் இரண்டாம் வகுப்பில், 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் எரியும் புள்ளி 2 வரை அனுமதி. ஃபுல் எச்டி திரைக்கு அது 4 என்றாகிறது. அதனால் வாரண்டியை நம்புவதைவிடக் கடையின் திருப்பிக் கொடுக்கும் கால அவகாசத்தை நம்புவது மேல். அந்த நாட்களுக்குள் சோதனையை முடித்துவிடுங்கள். அதுவரை பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள்.